அரசு வக்கீல் உங்கள் வக்கீலா?

கேள்வி: வரப்புத் தகராறில் 2024 டிசம்பரில் எங்கள் பங்காளி ஒருவர் என்னைக் கீழே தள்ளி மிதித்ததில் இடது கை எலும்பு முறிந்துவிட்டது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. அடுத்த வாய்தாவில் நான் சாட்சி சொல்ல வேண்டும். எனக்காக வாதாடும் அரசு வக்கீல் (ஏ.பி.பி.) இதுவரை என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. "ஏ.பி.பி.யிடம் சொல்லி கேஸை வாபஸ் வாங்க வைப்போம்" என்று எதிர்த்தரப்பினர் ஊரெல்லாம் சொல்கிறார்கள். நான் தனியாக வக்கீல் வைக்கலாமா?

பதில்: அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரசு உதவி வழக்கறிஞர் உங்களுக்காக வாதாடுபவர் அல்ல, அரசுக்காக வாதாடுபவர். உங்கள் கையை உடைத்தது ஊருக்கே எதிரான குற்றம் என்று சட்டம் கருதுவதால்தான் வழக்கை அரசு நடத்துகிறது. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவதும் அவர் வேலை இல்லை. எதிரிக்குச் சாதகமான ஆவணம் கையில் இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. கேட்க உங்களுக்குக் கசப்பாக இருக்கும். ஆனால் நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைமேல் யாராவது பொய் வழக்குப் போட்டால், இதே நேர்மைதான் அவனைக் காப்பாற்றும்.

அதற்காக அவர் உங்களிடம் பேசாமலே இருக்கலாம் என்று அர்த்தமில்லை. சாட்சிக்கு இப்படிச் சொல் என்று சொல்லிக்கொடுப்பதுதான் தவறு. போலீசில் நீங்கள் கொடுத்த வாக்குமூலத்தை நினைவுபடுத்துவதும், கூண்டில் என்ன நடக்கும் என்று விளக்குவதும் தவறில்லை. ஒரு ஏ.பி.பி. ஒரே நாளில் எத்தனையோ வழக்குக் கட்டுகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் கை உடைந்த ஒரு பெண் முன்பின் தெரியாத கூண்டில் தனியாக ஏறி நிற்பதற்கு அதைக் காரணமாகச் சொல்ல நான் தயாரில்லை. வாய்தாவுக்கு முந்தைய நாளே அவர் அலுவலகத்துக்குப் போய், வழக்கு எண்ணைச் சொல்லி, பேச நேரம் கேளுங்கள். அப்படியும் அலட்சியம் காட்டினால், குற்ற வழக்கு தொடர்வுத் துறையின் மாவட்ட அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

வாபஸ் பேச்சுக்குப் பயப்படாதீர்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360-வது பிரிவுப்படி, கோர்ட் சம்மதிக்காமல் அரசு வக்கீல் வழக்கை வாபஸ் வாங்க முடியாது. பாதிக்கப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் கோர்ட்டும் சம்மதிக்கக் கூடாது. பழைய சட்டத்தில் இந்தப் பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கவில்லை. சமாதானம் என்பது வேறு விஷயம். கோர்ட் அனுமதியோடு அதைச் செய்யக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள் என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

சரி, தனி வக்கீல்? வைக்கலாம். அதே சட்டத்தின் 18(8)-வது பிரிவு கோர்ட் அனுமதியோடு அதற்கு வழி தருகிறது. ஆனால் அந்தப் பிரிவின்கீழ் அவர் அரசு வக்கீலுக்குத் துணையாகத்தான் இருக்க முடியும். அவரே எழுந்து சாட்சிகளை விசாரிக்கவோ வாய்மொழியாக வாதாடவோ முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் ரேகா முரார்கா வழக்கில் சொல்லிவிட்டது. விட்டுப்போன கேள்விகளை அரசு வக்கீலுக்கு எடுத்துக்கொடுக்கலாம்; சாட்சியம் முடிந்ததும் கோர்ட் அனுமதியோடு எழுத்து வாதம் தாக்கல் செய்யலாம். உங்களுக்கு வக்கீல் இருந்தால் குற்றப்பத்திரிகை நகலும் இலவசமாகக் கிடைக்கும். ஃபீஸுக்கு வழியில்லையே என்று கவலைப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவிடம் ஒரு மனு கொடுத்தால் போதும்.

ஒருவேளை எதிரி விடுதலையானால், அரசு மேல்முறையீடு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதே சட்டத்தின் 413-வது பிரிவின்படி நீங்களே செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம்.

அரசு வக்கீலைப் பார்க்கப் போகும்போது எக்ஸ்ரே, சிகிச்சைச் சீட்டு, ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். எலும்பு முறிவைக் காட்டும் எக்ஸ்ரே வழக்குக் கட்டில் சேர்ந்திருக்கிறதா என்று அவரிடம் முதலில் கேளுங்கள்.