மேசை வேலையும் உடம்பு வலியும்: சேலத்துக்காரர்கள் கேட்டவை

வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவர்களின் கேள்விகளுக்கு நம் பிசியோதெரபிஸ்ட் அக்கா தந்த பதில்கள்.

அஸ்தம்பட்டி: அக்கா, சாப்பாட்டு மேசையிலதான் லேப்டாப். சாயங்காலம் ஆனா தோள்பட்டை கல்லா இறுகிடுது. விலை கூடின சேர் வாங்கிடலாமா?

இப்ப வேண்டாம் தம்பி. சாப்பாட்டு மேசை பெரும்பாலும் 75 செ.மீ. உயரம் இருக்கும். டைப் அடிக்க அது நிறைய பேருக்கு அதிகம். கை எட்டறதுக்காக உங்களை அறியாமலே தோளைத் தூக்கி வெச்சிருப்பீங்க. இறுக்கம் அதனாலதான். தோளைத் தளரவிட்டா முழங்கை ஏறக்குறைய 90 டிகிரி மடங்கணும், கீபோர்டு அந்த மட்டத்துல இருக்கணும். அதுக்கு மடிச்ச ஜமக்காளத்தைச் சேர்ல போட்டு உசந்து உட்காருங்க. கால் தொங்கினா தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும். அதனால பாதத்துக்கு ஒரு மணைப்பலகை போடுங்க.

அடுத்தது திரை. லேப்டாப்ல திரையும் கீபோர்டும் ஒட்டியே இருக்கறதால ஒண்ணைச் சரி பண்ணினா இன்னொண்ணு கெடும். தடிப் புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வர்ற மாதிரி, கை நீட்டினா தொடற தூரத்துல வையுங்க. கீபோர்டும் மவுஸும் தனியா வாங்குங்க. காசு செலவு பண்ணறதுன்னா முதல்ல அதுக்குத்தான்.

சூரமங்கலம்: எனக்கு 52 வயசு, பைஃபோகல் கண்ணாடி. மானிட்டரைக் கண் மட்டத்துக்கு ஏத்தினதும் கழுத்து வலி கூடிப்போச்சும்மா.

கண்ணாடிதான் காரணம் சார். பைஃபோகல்ல கிட்ட இருக்கறதைப் பார்க்கறதுக்கான பாகம் கீழ்ப்பாதியில இருக்கும். அது வழியாத் திரையைப் பார்க்க மோவாயைத் தூக்கறீங்க. உங்களுக்கு மட்டும் மானிட்டரை இறக்கி, லேசாப் பின்பக்கம் சாய்க்கணும்.

அம்மாபேட்டை: வீட்டுல பாதி இடம் அப்பாவோட குழித்தறிக்குப் போயிடும். தரையில சம்மணம் போட்டுத்தான் வேலை பார்க்கறேன். தப்பாக்கா?

தரை தப்பே இல்ல கண்ணு. மடியில லேப்டாப் வெக்கறதுதான் தப்பு. உயரம் குறைஞ்ச சாய்வு மேசை போதும். போர்வையை மடிச்சு அடியில போட்டு உட்காருங்க. இடுப்பு முழங்காலைவிட உசந்தா முதுகு கூனாது. அப்பா குழிக்குள்ள காலை விட்டு மிதிகட்டையை மிதிச்சுக்கிட்டே இருக்கறதால அவர் கால் ஓயாம அசையுது. உங்க கால் அசையறதே இல்ல. நான் ரொம்பக் கவலைப்படறது அதுக்குத்தான். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து நடங்க. எவ்வளவு நேர்த்தியான இருக்கையும் அதுக்கு ஈடாகாது.

கொண்டலாம்பட்டி: வெயிலுக்கு டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரா வெச்சா கண் எரியுது.

திரையைப் பார்க்கறப்ப இமைக்கறது குறையும், காத்து மிச்ச ஈரத்தையும் உலர்த்திடும். ஃபேன் காத்தை மார்புக்குக் கீழ திருப்புங்க.

ஏற்காடு: மேல குளிர்ல காலையில விரல் விறைச்சுக்குது. ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் முழிப்பு வருதுங்க.

விறைப்புக்கு வெதுவெதுப்பான தண்ணில கையை முக்கினாப் போதும். ராத்திரி மரத்துப்போறது வேற. மணிக்கட்டுல நரம்பு அழுந்தினா இப்படித்தான் வரும். மணிக்கட்டை மேசை விளிம்புல ஊன்றாதீங்க, மடக்காம நேரா வெச்சு அடிங்க. ஆனா அதோட விட்டுடாதீங்க, கீழ இறங்கி வந்து டாக்டர்கிட்ட காட்டுங்க. பிடி தளர்ந்து டம்ளர் நழுவ ஆரம்பிச்சா ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.