சொந்த லாரி: வாங்கும் முன் கேட்க வேண்டிய கணக்கு

சம்பளத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருப்பவர்களும், சொந்த வண்டி வாங்கிச் சில மாதங்களே ஆனவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, நெடுங்காலம் சொந்த வண்டி ஓட்டிய ஒருவர் இங்கே பதிலளிக்கிறார். தொகைகள் வருமிடத்தில் அவற்றை எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஐயா, முன்பணம் சேர்ந்துவிட்டது. வண்டி எடுத்துவிடலாமா?

பதில்: முன்பணம் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், பொறுத்திருங்கள். பதிவு, காப்பீடு, முதல் நடைக்கான டீசல், சுங்கம் ஆகிய அனைத்தையும் நீங்கள் முன்கூட்டியே செலுத்த வேண்டும். ஆனால் சரக்கை இறக்கிய பின் வாடகை வந்து சேர 30 நாளும் ஆகலாம், 60 நாளும் ஆகலாம். அந்த இடைவெளியில் இரண்டு தவணைகள் வந்து நிற்கும். நல்ல வாடகைக்கு ஓடி, ஏட்டில் லாபம் காட்டிக்கொண்டே, கையில் பணமில்லாமல் வண்டியைப் பறிகொடுப்பது இந்தத் தொழிலில் புதிதன்று. மூன்று மாதத் தவணையும் இரண்டு மாத டீசல் செலவும் தனியாக இருந்தால் மட்டுமே இறங்குங்கள்.

கேள்வி: கிலோமீட்டருக்கு எவ்வளவு கிடைத்தால் கட்டுப்படியாகும்?

பதில்: பிறருடைய கணக்கு உங்களுக்குப் பொருந்தாது, உங்கள் செலவை நீங்களே இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். தவணை, காப்பீடு, சாலை வரி ஆகியவை வண்டி நின்றாலும் நிற்காதவை. டீசல், டயர், ஆயில், சுங்கம் ஆகியவை ஓடினால் மட்டும் வருபவை. நிலையான செலவு மாதம் 60,000 என்றால், 10,000 கிலோமீட்டர் ஓடும் மாதத்தில் கிலோமீட்டருக்கு 6 ஆகும். 6,000 மட்டுமே ஓடினால் 10 ஆகிவிடும். ஓட்டச் செலவு கிலோமீட்டருக்கு 20 என்று கொண்டால், அடக்கம் முறையே 26, 30. இதில் உங்கள் சம்பளம் இன்னும் சேரவில்லை. ஓட்டுநர் கூலியைக் கணக்கில் எழுதாமல் மிஞ்சுவதையெல்லாம் லாபம் என்று நினைப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

அடுத்தது, காலியாகத் திரும்பும் ஓட்டம். புரோக்கர் கிலோமீட்டருக்கு 40 என்று சொன்ன லோடை 500 கிலோமீட்டர் கொண்டுபோய் இறக்கிவிட்டு, 500 கிலோமீட்டர் காலியாகத் திரும்பினால், அந்த வாடகை உண்மையில் 20 மட்டுமே. ஆகையால் வாடகையை எப்போதும் போய்வரும் மொத்தத் தூரத்தால் வகுக்க வேண்டும். திரும்பித்தான் ஆக வேண்டும் என்பதால், பாரம் ஏற்றுவதால் கூடும் செலவுக்கு மேல் தருகிற எந்த ரிட்டர்ன் லோடும் லாபமே. ஆனால் அதற்காக இரண்டு நாள் காத்துக் கிடந்தால், மேற்சொன்ன வண்டிக்கு நாளுக்கு 2,000 வீதம் நிலையான செலவு கழிந்துகொண்டிருக்கும்.

கேள்வி: புது வண்டி நல்லதா, பழைய வண்டி நல்லதா?

பதில்: பழைய வண்டிக்கான கடனுக்கு வட்டி பொதுவாகக் கூடுதல். 1,00,000 கடனை ஐந்தாண்டு மாதத் தவணையில் 12 விழுக்காட்டில் அடைத்தால் மொத்தம் சுமார் 1,33,500 ஆகும். 18 விழுக்காட்டில் சுமார் 1,52,400 ஆகும். இருந்தாலும் விலை குறைவு என்பதால், பராமரிப்புப் பதிவேடு முறையாக உள்ள பழைய வண்டியே முதல் வண்டிக்கு ஏற்றது என்பது என் கருத்து. என்ஜின் வேலை வந்தால் செலவும் வரும், வருமானமும் நிற்கும். அதற்காக ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு தொகையை ஒதுக்கிவர வேண்டும். வாடகை உச்சத்தில் இருக்கும்போது வண்டி விலையும் ஏறியிருக்கும் என்பதையும் மறவாதீர்கள். அமெரிக்காவில் 2021-இல் அப்படி அதிக விலை கொடுத்து வாங்கிய பலர், 2022-இல் வாடகை சரிந்ததும், வண்டியின் மதிப்பைவிடக் கடன் அதிகமாகி விற்கவும் வழியின்றித் தவித்தார்கள்.

கேள்வி: அண்ணா, நிறுவனமே வண்டி தருகிறதாம், அவர்களிடமே ஓட்டித் தவணை அடைத்தால் கடைசியில் வண்டி எனக்கு என்கிறார்கள். முன்பணமும் இல்லை.

பதில்: உங்களுக்கு லோடு தருபவரும் உங்களிடம் தவணை வாங்குபவரும் ஒருவரே. லோடு குறைந்தாலும் தவணை குறையாது. ஒப்பந்தம் இடையில் முறிந்தால் அதுவரை கட்டியது பெரும்பாலும் வண்டியைப் பயன்படுத்தியதற்கான வாடகையாகக் கழிந்துவிடும். இத்தகைய திட்டங்களை ஆராய அமெரிக்க அரசு அமைத்த பணிக்குழு, 2025 ஜனவரியில் அவற்றைத் தடை செய்யவே பரிந்துரைத்தது. வேறு நிறுவனத்தின் லோடை ஏற்ற அனுமதி உண்டா, இடையில் விலகினால் என்ன மிஞ்சும் என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் கையெழுத்திடாதீர்கள், தம்பி.

கேள்வி: சரக்குக்காரரிடமிருந்து வரவேண்டிய வாடகைக்கான பில்லை நிதி நிறுவனத்திடம் கொடுத்தால், 3 விழுக்காடு பிடித்துக்கொண்டு உடனே பணம் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: 30 நாளில் வரவேண்டிய பணத்துக்கு 3 விழுக்காடு என்பது ஆண்டுக்கு 36 விழுக்காட்டுக்கும் மேலான வட்டி. நடைக்கு 10 விழுக்காடு மிஞ்சும் தொழிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும். தொடக்கத்தில் சில மாதம் வேறு வழியின்றி வாங்கலாம், வழக்கமாக்கிவிடக் கூடாது. சரக்குக்காரர் பணம் தராவிட்டால் நட்டம் யாருடையது என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: வேகமாக ஓட்டினால் கூடுதல் நடை அடிக்கலாமே?

பதில்: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால் 56 விழுக்காடு கூடுகிறது. மிச்சமாகும் நேரத்தைச் சரக்கு இறக்கும் இடத்தில் வரிசையில் நின்று கழிக்கப்போகிறீர்கள் என்றால், டீசலை எதற்கு எரிப்பது?

கேள்வி: தவணை முழுவதையும் வருமான வரிக்குச் செலவாகக் காட்டலாமா?

பதில்: இயலாது. பொதுவாகத் தவணையில் வட்டிப் பகுதி மட்டுமே செலவு. அசலுக்குப் பதிலாக வண்டியின் தேய்மானத்தை, அதாவது ஆண்டுதோறும் குறையும் மதிப்பை, கழிக்கலாம். தேய்மானம் முதல் ஆண்டுகளில் அதிகமாகவும் பின்னர் குறைவாகவும் அமையும் முறையில், கடன் முடியும் தறுவாயில் தவணையில் அசலின் பங்கு கூடி, வட்டியும் தேய்மானமுமாகக் கழிக்கக்கூடிய தொகை குறைந்து, கையில் இல்லாத வருமானத்துக்கு வரி கேட்டு ஓலை வரும். ஆகவே வாடகை வந்த அன்றே வரிக்குரிய பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அதைத் தொட்டு டயர் வாங்காதீர்கள்.