ஸ்நேக் பிளான்ட் இரவில் ஆக்சிஜன் தருமா?

ஸ்நேக் பிளான்ட் இரவிலும் ஆக்சிஜன் தரும் என்று ஒரு செய்தியில் படித்தீர்கள், ஒளி இருந்தால்தான் செடிகள் ஆக்சிஜன் தரும் என்கிறது பாடநூல், எது சரி என்று கேட்டிருந்தீர்கள். பாடநூல் சொல்வதே சரி. நீங்கள் படுக்கையறையில் வைத்திருக்கும் ஸ்நேக் பிளான்ட் இரவில் புதிதாக ஆக்சிஜனை உருவாக்குவதில்லை. நீர் மூலக்கூறு பிளக்கப்படும்போதுதான் ஆக்சிஜன் பிறக்கிறது, அதைப் பிளக்க ஒளி வேண்டும். அந்த ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதில்லை, நீரிலிருந்தே வருகிறது என்பதை 1941-இல் அமெரிக்க அறிவியலாளர்கள் ரூபன், கேமன் குழுவினர், ஆக்சிஜன்-18 என்ற எடை கூடிய ஆக்சிஜன் வகையை (ஐசோடோப்பை) அடையாளமாகக் கொண்டு காட்டினார்கள்.

நீங்கள் படித்த செய்தி ஒரு பாதி உண்மையிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும். வறட்சியைத் தாங்கும் இவ்வகைச் செடிகள், நீர் ஆவியாகி வீணாவதைத் தவிர்க்க, இலைத்துளைகளை இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளிழுத்து மாலிக் அமிலமாகச் சேமித்து வைத்து, பகலில் துளைகளைப் பெரும்பாலும் மூடிக்கொண்டு அந்தச் சேமிப்பிலிருந்து ஒளிச்சேர்க்கை செய்கின்றன. "இரவில் கார்பன் டை ஆக்சைடை எடுக்கிறது" என்பது கைமாறிக் கைமாறி "இரவில் ஆக்சிஜன் தருகிறது" என்று ஆகிவிட்டது.

நேரில் பார்க்க விரும்பினால், ஹைட்ரில்லா போன்ற நீர்த்தாவரத்தின் தண்டொன்றை வெட்டி, வெட்டுமுனை மேலே இருக்கும்படி நீரில் அமிழ்த்தி விளக்கொளியில் வையுங்கள். வெட்டுமுனையிலிருந்து ஆக்சிஜன் குமிழிகள் வரிசையாக எழும். கறுப்புத் துணியால் மூடினால் சற்று நேரத்தில் நின்றுவிடும். கண்ணாடிச் சுவரில் ஒட்டும் குமிழிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை நீர் சூடாவதால் பிரியும் கரைந்த காற்றாக இருக்கலாம்.

அதற்காகச் செடியை வெளியே தூக்கி வைக்கவும் வேண்டாம். எல்லாச் செடிகளையும் போல அதுவும் இரவும் பகலும் சுவாசிக்கிறது என்றாலும், ஒரு தொட்டிச் செடி இரவில் செலவிடும் ஆக்சிஜன் அருகில் உறங்குபவர் செலவிடுவதில் மிகச் சிறிய பங்குதான்.