ஏற மறுக்கும் கோச்சி

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: “4 அடிக்கு 2½ அடி பலகையில், மலையிலிருந்து மரமும் காரீயமும் (பென்சில் கூர் செய்யும் கிராஃபைட்) இறக்குகிற கற்பனை ரயில் பாதைக்கு மாதிரி ஒன்று செய்கிறேன். அளவு 1:87, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. ஒரு மீட்டர் ஓட்டத்தில் 6 சென்ரிமீட்டர் உயர்த்தினேன். எஞ்சின் வளைவில் நின்று சில்லை மட்டும் சுற்றுகிறது. கனமான எஞ்சின் வாங்கவா?”

வேண்டாம் தம்பி, காசை வைத்திருங்கள். உங்கள் ஏற்றம் கிட்டத்தட்ட 17க்கு 1, அதாவது 17 அடி ஓடினால் 1 அடி ஏறுகிறது. நாவலப்பிட்டி தாண்டி நிஜ எஞ்சின்கள் திணறி ஏறுவதே 44க்கு 1 தான். மாதிரியில் 30க்கு 1 வரை போகலாம். வளைவும் சில்லைப் பிடித்து இழுக்கும் என்பதால் அதற்கு மேல் வேண்டாம்.

அப்படியானால் நீளத்துக்கு எங்கே போவது? தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வந்து, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறதே, அதைத்தான் செய்யப்போகிறோம். 30 சென்ரிமீட்டர் ஆரத்தில் ஒரு முழுச் சுற்று 188 சென்ரிமீட்டர். 30க்கு 1 என்றால் உயரம் சரியாக 63 மில்லிமீட்டர். மேலே 6 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டாலும் கீழே போகும் கோச்சிக்கு 5 சென்ரிமீட்டர் மிஞ்சும், தாராளம். ஏற்றம் தொடங்கும் இடத்தை மட்டும் சட்டென்று மடக்காமல் ஒரு சாண் நீளத்துக்கு மெதுவாக வளையுங்கள். இல்லாவிட்டால் கொக்கி கழன்றுவிடும்.

இந்த ஆரத்துக்கு, இரு தண்டவாளங்களுக்கும் இடையே 9 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதைதான் தோது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு ஓடி, 1940களில் மூடப்பட்ட சின்னப் பாதையின் அகலம் 762 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 8.76, கிட்டத்தட்ட 9. நம் மலையிலேயே இருந்த பாதை என்பதால் எனக்கு அதில் தனிப் பிரியம்.

அப்புறம், காரீயம் தோண்டும் சுரங்கமும் காடும் மேலேதான் இருக்கட்டும். நிறைந்த பெட்டி இறங்கும், வெறும் பெட்டி ஏறும். எஞ்சினுக்குச் சுமை குறையும். சுமையைக் கழற்றி மாட்டும்படி செய்யுங்கள். மரத்துக்குத் தேயிலைக் கவ்வாத்துக் குச்சி போதும்: 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள குச்சி இந்த அளவில் அரை மீட்டர் மரம். பட்டையோடு காயவைத்து வெட்டுங்கள். காரீயத்துக்குப் பென்சில் கூரைச் சுரண்டலாம், ஆனால் அது மின்சாரம் கடத்தும். தூள் தண்டவாளத்தில் சிந்தாதபடி, வெள்ளைப் பசையில் குழைத்துக் கட்டியாக்கி ஒட்டுங்கள்.