கேள்வி-பதில்: “அவர் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கிறார் டாக்டர்”

ஆண்களின் உடல்நலம் பற்றிக் கேட்டு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெண்கள் எழுதியவை. நோய் கணவருக்கு, கையெழுத்து மனைவிக்கு. எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஆனால் போன மாதம் சொன்னதை மறுபடியும் சொல்கிறேன்: நோயாளியின் வயது, சர்க்கரை உண்டா, பி.பி. உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற நான்கும் இல்லாமல் எழுதாதீர்கள்.

என் கணவருக்கு 44 வயது. லாரி ஓட்டுகிறார். ஒரு மாதமாக ராத்திரியில் நெஞ்சை அடைக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். பனியன் நனையும் அளவுக்கு வியர்க்கிறது. சோடா குடித்தால் ஏப்பம் வந்து சரியாகிவிடுகிறது, வாயுதான் என்கிறார். சிகரெட் உண்டு. என்ன கைவைத்தியம் செய்யலாம்? (நாமக்கல்)

கைவைத்தியம் எதுவும் வேண்டாம் அம்மா. நீங்கள் எழுதிய தேதியைப் பார்த்தேன், ஒன்பது நாள் ஆகிவிட்டது. இது கடிதம் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் விஷயம் அல்ல. இன்னும் ஈ.சி.ஜி. எடுக்கவில்லை என்றால் இன்றே கூட்டிப் போங்கள். 44 வயது, சிகரெட், அடைப்பு, வியர்வை, அதுவும் படுத்திருக்கும்போது. இல்லை என்று பரிசோதனை சொல்லும்வரை இதை இதயம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஏப்பம் வந்ததும் சரியாகிவிட்டது என்பது எதையும் நிரூபிக்காது. இதயக் குழாயில் வரும் அடைப்பும் பத்து நிமிடம் பிடித்துவிட்டு விடும். ஒரே ஒரு ஈ.சி.ஜி. நார்மல் என்றதும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை, இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

அடைப்பு மறுபடி வந்தால் உடனே 108. பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டு போகாதீர்கள். அவரை வண்டி எடுக்கவும் விடாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றையும் முதல் டோஸாக அங்கேயே கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். எத்தனையோ முறை எழுதிவிட்டேன்: நெஞ்சடைப்புக்கு சோடா மருந்தல்ல. ஓமத் தண்ணீரும் அல்ல.

பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனை) 6.2 என்று வந்திருக்கிறது. புற்றுநோயா? (ஊர் எழுதவில்லை)

வயதும் எழுதவில்லை. 50 வயதுக்காரருக்கு 6.2 என்றால் நான் விடமாட்டேன். 78 வயதில் வீங்கிய புராஸ்டேட் உள்ளவருக்கு 6.2 என்றால் பதறமாட்டேன். சிறுநீரில் கிருமி இருந்தாலும், அண்மையில் சிறுநீர் டியூப் போட்டிருந்தாலும் ஏறும். முந்தின நாள் விந்து வெளியேறியிருந்தாலும் கொஞ்சம் ஏறும். புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டெரைடு மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவருக்கோ அளவு பாதியாகக் குறைந்து காட்டும். அவருக்கு 6.2 என்றால் உண்மையில் 12. சிறுநீர்க் கல்ச்சர் பார்த்து, ஆறு வாரம் கழித்து அதே லேபில் மறுபடி எடுங்கள். யூராலஜிஸ்ட் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்ப்பதற்குக் கூச்சப்பட்டு எழுந்து வந்துவிடாதீர்கள்.

எனக்கு 66. சளிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் சிறுநீர் அடியோடு நின்று, டியூப் போட்டு எடுத்தார்கள். சளி மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (தஞ்சாவூர்)

உண்டு. பல சளி மாத்திரைகளில் மூக்கடைப்பைக் குறைக்கும் மருந்தும் குளோர்பெனிரமின் என்ற அலர்ஜி மருந்தும் சேர்ந்திருக்கும். மூக்கைத் திறக்கிற அதே மருந்து, வீங்கிய புராஸ்டேட்டையும் சிறுநீர்ப்பையின் கழுத்தையும் இறுக்கிவிடும். இனி எந்த மாத்திரை வாங்கினாலும் “எனக்கு புராஸ்டேட் வீக்கம் உண்டு” என்று முதலில் சொல்லுங்கள்.

வயது 36. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இரண்டு குழந்தைகள், இரண்டும் சிசேரியன். இரண்டாவது குழந்தை இன்குபேட்டரில் இருந்ததால் அப்போது மனைவிக்குக் கருத்தடை செய்யவில்லை. அவருக்கு ரத்தம் குறைவு, பி.பி.யும் இருக்கிறது. நானே செய்துகொள்ளலாம் என்றால் அம்மா அழுகிறார். பாரம் தூக்க முடியாது, ஆண்மை போய்விடும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

உண்மை இல்லை. முப்பது வருடமாக இதே கேள்விக்கு இதே பதிலைச் சொல்லி வருகிறேன், தம்பி. ஆனால் கேட்டவர் பெரும்பாலும் மனைவி. ஓர் ஆண் தானாகக் கேட்டு எழுதியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர்க்காரர் மனதில் இருப்பது காளைக்குக் காயடிக்கும் காட்சி. காயடித்தால் விதையே செத்துப்போகும், ஹார்மோனும் நின்றுபோகும். வாசக்டமி என்ற ஆண் கருத்தடையில் விதையை யாரும் தொடுவதில்லை. விதையிலிருந்து விந்தணுவைக் கொண்டுபோகும் நூல் போன்ற குழாய் ஒன்றை இரு பக்கமும் வெட்டிக் கட்டுகிறார்கள், அவ்வளவுதான். ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் அந்தக் குழாய் வழியாகப் போவதே இல்லை, நேராக ரத்தத்தில் கலக்கிறது. மீசை, குரல், ஆசை, விறைப்பு எல்லாம் இருந்தபடியே இருக்கும். விந்தின் அளவும் குறையாது. அதில் அணுக்களின் பங்கு நூற்றில் ஐந்துக்கும் குறைவு.

இப்போது செய்வது கத்தியில்லாத தழும்பில்லாத முறை. 1974-இல் சீனாவின் லீ ஷுன்ச்சியாங் என்ற மருத்துவர் உருவாக்கியது. மரத்துப்போக ஊசி, சின்னத் துளை, தையல் கிடையாது, கால் மணி நேரம். அன்றே வீட்டுக்கு வரலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரத்துக்குப் பாரம் வேண்டாம். அதன்பிறகு துணி பண்டலைத் தாராளமாகத் தூக்கலாம். உங்கள் மனைவிக்குச் செய்தால் வயிற்றைத் திறக்க வேண்டும், ஏற்கெனவே இரண்டு முறை கிழித்த வயிறு, ரத்தம் வேறு குறைவு. யாருக்கு ஆபத்து அதிகம் என்று உங்கள் அம்மாவிடம் நீங்களே கேளுங்கள்.

இந்த மாநிலம் ஒரு காலத்தில் இதில் முன்னோடி. 1950களின் பிற்பகுதியிலேயே கருத்தடை செய்துகொள்பவர்களுக்கு மதராஸ் அரசு பணம் கொடுத்து ஊக்குவித்தது. 1971-இல் பக்கத்துக் கேரளத்தின் எர்ணாகுளத்தில் ஒரே மாத முகாமில் சுமார் 63 ஆயிரம் பேர் செய்துகொண்டார்கள், ஏறத்தாழ எல்லோரும் ஆண்கள். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77இல் நாடு முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அறுவை நடந்தது. வடக்கே பல இடங்களில் பிடித்து இழுத்துப்போய்ச் செய்தார்கள். அந்தப் பயம் ஊர் ஊராகப் பரவியது. அதோடு அரசுகள் ஆண்களைக் கேட்பதையே நிறுத்திவிட்டன, பாரம் முழுவதும் பெண்கள் தலையில் ஏறியது. 2014-இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அவசர அவசரமாகக் கருத்தடை செய்து, பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்கள் நூறு பேரில் 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் ஆயிரத்துக்கு ஒருவர். இந்தக் கணக்கைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளை பெற்ற வயிற்றையே மறுபடி கிழிப்பது எந்த ஊர் நியாயம்?

எச்சரிக்கை இரண்டு. ஒன்று, செய்த அன்றே பலன் கிடையாது. குழாயில் மீதியிருக்கும் அணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை போடுங்கள். பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் ஆணுறையை விடலாம். இதைச் செய்யாமல், மனைவி கர்ப்பமானதும் அவள்மீது சந்தேகப்பட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கே திரும்பிப் போனாள். தப்பு அவளுடையது அல்ல, அந்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்லி அழுத்திச் சொல்லாத எங்களுடையது. இரண்டு, இதை நிரந்தரம் என்று நினைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மறுபடி இணைக்கும் அறுவை உண்டு, உத்தரவாதம் இல்லை. நூற்றில் ஓரிருவருக்கு விதையில் நாள்பட்ட வலி இருப்பதும் உண்மை, அதையும் மறைக்கக் கூடாது.

அரசு மருத்துவமனையில் இலவசம், ஊக்கத்தொகையும் உண்டு. ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இதற்கென்றே இருவாரம் நடக்கிறது. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, இந்த வாரமே போகலாம்.

இதயத்துக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை வைத்திருக்கிறேன். நண்பர் கொடுத்த நீல மாத்திரையை (வயாக்ரா) ஒரே ஒருமுறை சாப்பிட்டுப் பார்க்கலாமா? வயது 57.

கூடாது. ஒருமுறைகூடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் பி.பி. அதலபாதாளத்துக்கு இறங்கி உயிர் போகும். இந்தக் கேள்வி போக வேண்டிய இடம் உங்கள் இதய மருத்துவர், நண்பர் அல்ல.

வயது 24. சுய இன்பப் பழக்கத்தால் உடம்பு இளைத்து, ஞாபகமறதி வந்துவிட்டது. மாதம் ஒருமுறை லாட்ஜுக்கு வரும் வைத்தியர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி லேகியத்துக்கு 18 ஆயிரம் கேட்கிறார். கட்டலாமா? (விருதுநகர் மாவட்டம்)

ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். விந்து போனால் உடம்பு போகாது. அது உடம்பு தினமும் புதிதாகச் செய்துகொண்டே இருக்கும் பொருள். சுய இன்பத்தால் நரம்பு தளராது, விறைப்பு போகாது, பின்னால் பிறக்கும் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. இந்தப் பயத்துக்கே ‘தாத்’ நோய்க்குறி என்று மனநல மருத்துவர் விக் 1960-இல் பெயர் கொடுத்தார். நம் துணைக்கண்டத்துப் பையன்களைத் தலைமுறை தலைமுறையாக வாட்டுவது அது. பாலியல் சக்தியைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படியும் பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் நோட்டீஸ்.

ஆனால் உடம்பு இளைத்தது நிஜமா என்று எடை போட்டுப் பாருங்கள். நிஜம் என்றால் சர்க்கரை, தைராய்டு, காசநோய்க்கான சளிப் பரிசோதனை மூன்றும் பார்க்க வேண்டும். தூக்கமும் பசியும் போயிருந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். அங்கே போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கல்யாணமாகி ஐந்து வருடம். மனைவிக்கு எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டோம், நார்மல். எனக்கும் டெஸ்ட் வேண்டும் என்கிறார்கள். எனக்கு உறவில் எந்தக் குறையும் இல்லை, தினமும் ஜிம்முக்குப் போகிறேன். தேவையா?

ஐந்து வருடம்! கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுக்கும் வலியை அந்தப் பெண் தாங்கியிருக்கிறார், உங்களால் ஒரு டப்பாவில் மாதிரி கொடுக்க முடியவில்லையா? குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. முதலில் எடுக்க வேண்டியதே இந்த டெஸ்ட்தான், சில நூறு ரூபாய். உறவு வேறு, அணு எண்ணிக்கை வேறு. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு, லேபிலேயே கொடுங்கள். ஜிம்மில் ஊசி ஏதாவது போட்டுக்கொள்கிறீர்களா என்று எழுதவில்லை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் தசை ஏறும், விதை அணு உற்பத்தியை நிறுத்திவிடும். போடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

17 வயது மகனுக்கு நள்ளிரவில் விதைப்பையில் கடும் வலி, வாந்தி. வெட்கப்பட்டுக் காலையில்தான் சொன்னான். அதற்குள் குறைந்துவிட்டது. விட்டுவிடலாமா?

விடக் கூடாது. விதை முறுக்கிக்கொண்டு தானே அவிழ்ந்திருக்கலாம், மறுபடியும் முறுக்கும். ஆறு மணி நேரத்துக்குள் அவிழ்க்காவிட்டால் விதை கருகிவிடும். இன்றே அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொரு முறை வந்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் எழுப்பச் சொல்லுங்கள், அப்பாவையும் அவனிடம் பேசச் சொல்லுங்கள்.

எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் நவம்பர் 19 ஆண்கள் தினத்துக்கு விழிப்புணர்வுக் கூட்டம் வைக்க ஆசை. யாரைப் பேசக் கூப்பிடலாம்? (மதுரை)

யாரையும் கூப்பிட வேண்டாம். மைக்கும் சால்வையும் செலவுதான். அந்தப் பணத்தில் ஒரு நல்ல பி.பி. கருவியும் ஒரு இஞ்ச் டேப்பும் வாங்கி ஸ்டாண்டிலேயே வையுங்கள். காலை ஷிப்ட் தொடங்கும் முன் கை நீட்டினால் இரண்டு நிமிடம். 140/90க்கு மேல் இரண்டு மூன்று நாள் காட்டினால், இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால், அந்த ஆளை அன்றே சவாரியை விட்டுவிட்டு நீங்களே கூட்டிப் போங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இலிருந்து வீட்டுக்கே வருகிறது, ஆனால் அவர்கள் கதவைத் தட்டும் நேரத்தில் நீங்கள் ஸ்டாண்டில் இருக்கிறீர்கள்.

ஆண் இருக்கும் இடத்துக்கு மருத்துவம் போனால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பினத்தவர் முடிவெட்டும் ஐம்பத்திரண்டு கடைகளில் ஏறக்குறைய பாதிக்கு மருந்தாளுநர்களையே அனுப்பி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. ஆறே மாதத்தில் மேல் பி.பி. சராசரியாக 27 புள்ளி இறங்கியது, மற்ற கடைகளில் 9தான். உங்கள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சலூன் இருந்தால் கடைக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து எத்தனை பேருக்கு இறங்கியது என்று எனக்கு எழுதுங்கள்.

கணவருக்கு 48. கடன் தொல்லை. இரண்டு மாதமாக யாரிடமும் பேசுவதில்லை, குடி கூடிவிட்டது. “நான் போயிட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி” என்கிறார். குடித்துவிட்டு உளறுவதாக மாமியார் சொல்கிறார். (திருவாரூர் மாவட்டம்)

உளறல் இல்லை அம்மா. சொல்கிறவர் செய்யமாட்டார் என்பது பொய். 2022-இல் இந்த நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் ஒரு லட்சத்து எழுபதாயிரம், நூற்றில் எழுபதுக்கு மேல் ஆண்கள். குடிக்காத நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து, “சாகணும்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பலர் அப்போதுதான் முதல் முறையாக வாய் திறக்கிறார்கள். அறிவுரை சொல்லாதீர்கள், கடன் கணக்கை அன்றைக்கு எடுக்காதீர்கள்.

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றே வேறு வீட்டில் கொண்டுபோய் வையுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், நீங்களே அவருக்காகப் பேசலாம். 104-லும் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, குடிக்கும் சேர்த்தே அங்கே வைத்தியம் செய்வார்கள். திடீரென்று குடியை நிறுத்தச் சொல்லாதீர்கள், வலிப்பு வரலாம். மாத்திரை தொடங்கினாலும் குணம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள். மாமியாரிடமும் அவருடைய அண்ணன் தம்பிகளிடமும் விஷயத்தைச் சொல்லி, முறைவைத்து யாராவது ஒருவர் கூடவே இருங்கள்.