95 வீதம் வேலையாம்! எத்தனை பேரில் 95 வீதம்?

கேள்வி (களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய்): மகன் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். மட்டக்களப்பு ரவுணில் ஒரு தனியார் நிலையம் ஏ.சி., ஃப்ரிட்ஜ் திருத்தும் பாடநெறி நடத்துகிறது. 6 மாதம், கட்டணம் 140,000 ரூபாய். ‘95 வீத வேலைவாய்ப்பு’ என்று நோட்டீஸில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அரச பயிற்சி நிலையத்தில் கேட்டதற்கு, 60 வீதம் அளவில் வேலைக்குப் போவார்கள் என்றார்கள். அங்கே செலவும் குறைவு. நகையை அடகு வைத்தாவது தனியாரில் சேர்க்கட்டுமா?

பதில்: நகையை இப்போதைக்கு அலுமாரியை விட்டு வெளியே எடுக்க வேண்டாம், அம்மா. 95 பெரிதா 60 பெரிதா என்பதைப் பிறகு பார்ப்போம். இரண்டும் ஒரே கணக்கா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு நிலையத்தில் 60 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதியில் 20 பேர் நின்றுவிட்டார்கள். முடித்தவர்கள் 40 பேர். ஆறு மாதம் கழித்து நிலையத்தார் போன் எடுத்தால் 24 பேர்தான் அகப்படுகிறார்கள். அந்த 24 பேரில் 23 பேர் வேலை செய்வதாகச் சொல்கிறார்கள். 24-ல் 23 என்றால் 95 வீதத்துக்கும் சற்று மேல். நோட்டீஸில் போட்டது பொய் இல்லை. ஆனால் காசு கட்டிச் சேர்ந்த 60 பேரை வைத்துப் பார்த்தால் அதே 23 பேர் 38 வீதம்தான்.

இந்த 38-தான் உண்மை என்றும் நான் சொல்ல மாட்டேன். பாதியில் நின்ற 20, போனில் அகப்படாத 16 என்று மீதி 36 பேரில் சிலர் கட்டாரில் நல்ல சம்பளத்தில் இருக்கலாம். சிலர் வேலை கிடைத்ததால்தான் படிப்பையே விட்டிருக்கலாம். அந்த 36 பேரைப் பற்றி யாருக்கும் தெரியாதவரை, 38-க்கும் 98-க்கும் இடையில் எதுவும் சரியாக இருக்கலாம். அத்தனை பெரிய இடைவெளியை மறைத்துவிட்டு ஒரே ஓர் எண்ணை அச்சடித்ததுதான் எனக்குக் கோபம். நீங்கள் கேட்ட 60 வீதமும் எதில் 60 என்று தெரிய வேண்டும். சேர்ந்த அத்தனை பேரையும் வைத்துச் சொன்னதாக இருந்தால், அது அந்த 95-ஐ விட நல்ல எண்.

அடுத்தது, ‘வேலை’ என்று எதைச் சொல்கிறார்கள்? போன வருடம் அக்காவின் மகனுக்காக இதேபோல ஒரு நிலையத்தின் படி ஏறினேன். பெயர் வேண்டாம். பொறுப்பாளர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக் காட்டினார். பெயர்களுக்கு நேரே சிவப்பு மையில் சரி அடையாளம். அதில் ஒரு பெயர் எனக்குத் தெரிந்த பெடியனுடையது. படித்தது ஃப்ரிட்ஜ் திருத்த, நிற்பது தகப்பனின் பலசரக்குக் கடையில். கேட்டேன். “அதுவும் வேலைதானே” என்றார்.

ஒரு விதத்தில் அவர் சொன்னதும் சரி. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை அளவீட்டில், கணக்கில் எடுக்கும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தவரும் தொழில் உள்ளவர்தான். சம்பளம் வாங்காமல் குடும்பத் தொழிலில் நிற்பவரும் அதற்குள் அடக்கம். நாட்டின் பொருளாதாரத்தை அளக்க அந்த வரைவிலக்கணம் தேவை. உலகம் முழுவதும் அப்படித்தான் அளக்கிறார்கள். உங்கள் மகன் 140,000 ரூபாய் கட்டலாமா என்று தீர்மானிக்க அது உதவாது. ஆகவே, படித்த தொழிலிலேயே, சம்பளத்துக்கு, ஆறு மாதத்துக்குப் பிறகும் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் அதிகம் பேர் யோசிப்பதில்லை. யாரைச் சேர்க்கிறார்கள்? நேர்முகப் பரீட்சை வைத்து, இங்கிலீஷ் தெரிந்த, சொந்தமாக மோட்டார் சைக்கிள் உள்ள பிள்ளைகளை மட்டும் எடுத்தால், அவர்களில் பலர் அந்தப் படிப்பு இல்லாமலே எங்கேயாவது ஏறிவிடுவார்கள். சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருக்கும் இடத்தில் வீதம் குறைவாகத்தான் வரும். வாய்க்கால் தண்ணீர் பாயும் வயலின் விளைச்சலையும் மானாவாரி வயலின் விளைச்சலையும் பக்கத்தில் வைத்து விதைநெல்லுக்குத் தீர்ப்புச் சொல்வோமா? வேலை கிடைத்தது படிப்பாலா, பிள்ளையாலா என்பதை எந்த நோட்டீஸும் பிரித்துச் சொல்லாது.

சரி, என்ன செய்யலாம்? சேர்ந்தவர், முடித்தவர், தொடர்புகொள்ள முடிந்தவர், அந்தத் தொழிலில் இருப்பவர் ஆகிய நான்கு எண்களையும் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச நிலையங்களுக்கு மட்டும் உரியதல்ல. சட்டப்படி அங்கீகாரம் பெற்ற தனியார் தொழிற்பயிற்சி நிறுவனங்களும் அதற்குள் வருகின்றன. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். நிலையத்தின் பதிவு வேறு, அந்தப் பாடநெறிக்கான தராதர அங்கீகாரம் வேறு. இரண்டாவது இருந்தால்தான் பிள்ளைக்கு அந்தப் படிப்பால் என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். எத்தனையாம் மட்டம் என்பதையும் கேளுங்கள், மொத்தம் 7 மட்டங்கள் உண்டு.

அப்புறம், ஒரு நாள் வகுப்பு நடக்கும் நேரத்தில் மகனோடு போய் நில்லுங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை கொம்பிரசர்? செம்புக் குழாயை வெட்டி, ஒட்டி, வாயு ஏற்றிப் பார்க்கும் வேலையை ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் செய்கிறதா, அல்லது ஆசிரியர் செய்வதைச் சுற்றி நின்று போனில் படம் எடுக்கிறதா? கல்முனையிலோ மட்டக்களப்பிலோ ஏ.சி. திருத்தும் கடைக்காரர் இரண்டு பேரிடம், எந்த நிலையத்துப் பிள்ளைகளை எடுப்பீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை நான் நோட்டீஸுக்கு மேலே வைப்பேன். அரச நிலையத்தின் பாடநெறிக்கு அங்கீகாரம் இருந்து, தனியார் அந்த நான்கு எண்களைத் தர மறுத்தால், என் பிள்ளையை அரச நிலையத்துக்குத்தான் அனுப்புவேன்.

கேள்வி (பொத்துவில் வாசகர்): ஹோட்டல் பயிற்சி ஒன்றில் சேர இருக்கிறேன். கடந்த பிரிவில் 20 பேரில் 18 பேர் வேலையில் இருப்பதாக ஜூன் மாதம் எடுத்த கணக்கைக் காட்டினார்கள். நம்பலாமா?

பதில்: கணக்கை நம்பலாம், தம்பி. ஆனால் மாதத்தைப் பாருங்கள். ஜூனில் அறுகம்பேயில் அலையும் இருக்கும், வெள்ளைக்காரரும் இருப்பார்கள், தட்டுக் கழுவவும் ஆள் தேவைப்படும். வடகீழ்ப் பருவ மழை இறங்கி, சீசன் முடிந்து, கடைகள் பலகை போட்டு மூடிய பிறகு அந்த 18 பேரில் எத்தனை பேர் நின்றார்கள்? பாசிக்குடாவுக்கும் இதே கேள்விதான். ஜனவரிக் கணக்கைக் கேளுங்கள். பயிற்சிக் காலக் கொடுப்பனவில் நிற்பவர்களையும் அந்த 18-ல் சேர்த்தார்களா என்பதையும் கேளுங்கள். 20 பேர் கொண்ட பிரிவில் ஒருவர் கூடினால் 5 வீதம் ஏறும், ஒருவர் குறைந்தால் 5 வீதம் இறங்கும். பக்கத்து நிலையம் 80 வீதம் என்றால் வித்தியாசம் இரண்டே பேர். அதற்காக ஒன்றை நல்லதென்றும் மற்றதை மோசமென்றும் முடிவு கட்ட வேண்டாம்.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகி): ‘வேலை நிச்சயம்’ என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். படித்து முடித்தும் ஒன்றும் இல்லை. யாரிடம் போவது?

பதில்: முதலில் நிலையத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள், தங்கச்சி. பதில் திருப்தி இல்லையென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடுங்கள். சேவைகளுக்கும் பொருந்தும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், மக்களைத் திசைதிருப்பும் விதத்தில் வியாபாரம் செய்வதைத் தடுக்கிறது. வழி கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. நாளைக் கடத்த வேண்டாம். பற்றுச்சீட்டு, நோட்டீஸ், முகநூல் விளம்பரம், வாட்ஸ்அப்பில் அவர்கள் எழுதியது எல்லாவற்றையும் திகதி தெரியும்படி இன்றே படமெடுத்து வையுங்கள். முறைப்பாடு போனது தெரிந்தால் விளம்பரத்தைத்தான் முதலில் அழிப்பார்கள்.