அடுத்து என்ன படிக்கலாம்? ஒரு நூலகரின் பதில்கள்

எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் வந்த கேள்விகள் இவை. எல்லாமே ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "எனக்கு எந்தப் புத்தகம்?" அதனால் ஒவ்வொருவரும் இதற்கு முன் எதைப் படித்தார், யாருக்காகக் கேட்கிறார் என்பதைப் பார்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் முடித்துவிட்டேன் சார். ஒரே வெறுமையாக இருக்கிறது. அடுத்து சிவகாமியின் சபதமா? அதோடு, ஆதித்த கரிகாலனைக் கொன்றது உண்மையில் யார்?

சிவகாமியின் சபதம் நல்ல நாவல்தான், ஓடிப்போகாது. ஆனால் இரண்டாவது கேள்வி உங்களைக் குடைகிறது என்றால் இப்போது நீங்கள் எடுக்க வேண்டியது வரலாறு. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' தமிழில் கிடைக்கிறது. ஆங்கில மூலம் 1935இல் வெளிவரத் தொடங்கியது. தடித்த புத்தகம். முழுதும் படிக்க வேண்டாம், சுந்தர சோழனில் ஆரம்பித்து முதலாம் இராஜராஜன் வரை மட்டும் படியுங்கள்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இராஜராஜனின் அண்ணனான கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்கிறது. அவர்கள் குடும்பத்தாரின் நிலத்தைப் பற்றிய ஆவணம் அது. சாஸ்திரியின் சந்தேகம் இராஜராஜனுக்கு முன் அரியணை ஏறிய உத்தம சோழன் மேல் போகிறது. மறுத்து எழுதிய ஆய்வாளர்களும் உண்டு. நாவலில் வரும் நந்தினி கல்கியின் கற்பனை. வந்தியத்தேவன் அப்படியில்லை, இராஜராஜனின் அக்கா குந்தவையின் கணவராகத் தஞ்சைக் கல்வெட்டிலேயே வருகிறார். ஒரே ஒரு கல்வெட்டிலிருந்து கல்கி என்னவெல்லாம் கட்டியிருக்கிறார் என்று தெரிந்த பிறகு நாவலை மறுபடி புரட்டிப் பாருங்கள். முதல் தடவையைவிட ருசிக்கும்.

கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எந்தப் புத்தகம் எடுத்தாலும் இருபது பக்கத்துக்கு மேல் போவதில்லை.

பூமணியின் 'வெக்கை'. 'அசுரன்' படம் பார்த்திருப்பீர்கள், அதற்கு அடிப்படையான நாவல் இது. 1982இல் வந்தது. ஒரு பையன் ஒருவனை வெட்டிவிட்டு ஓடுவதில் கதை தொடங்குகிறது. அப்புறம் அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் சில நாட்கள். படத்தில் இருக்கிற சண்டையை எதிர்பார்க்காதீர்கள். சோறு காய்ச்சுவதும் பழைய கதை பேசுவதுமாக இரண்டு பேரும் நெருங்கி வருவதுதான் நாவலின் உயிர். பிடித்தால் அடுத்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிய மெலிந்த புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும்.

அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. ராத்திரி நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். எது சரியாக வரும்?

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது அம்மா. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' எடுத்துப் போங்கள். தெலுங்கு தேசத்திலிருந்து தெற்கே வந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறிய மக்களின் கதை. அதில் மங்கத்தாயாரு அம்மாள் என்று ஒரு நூறு வயது கடந்த பாட்டி, சனங்களை உட்காரவைத்து வந்த வழியைச் சொல்லிக்கொண்டே போவாள். அந்தப் பகுதியை வாய்விட்டு வாசித்தால் உங்கள் குரலே பாட்டியின் குரலாக மாறிவிடும். நடுவில் அம்மா தன் ஊர்க் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள்.

கதை வேண்டாம். தமிழில் நல்ல தன்வரலாறு ஒன்று சொல்லுங்கள்.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942இல் அவர் காலமானதால் முடிவு பெறாமலே நின்றுவிட்டது. அதன் பருமனைப் பார்த்துப் பலர் அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடுகிறார்கள், அதனால் ஒரு வழி சொல்கிறேன். 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக (நீதிபதியாக) இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்திக்கும் இடத்தில் தொடங்குங்கள். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று இவர் அடுக்குகிறார். எதுவும் அவரை அசைக்கவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இவர் அந்த நூலைப் பார்த்ததே இல்லை! அங்கே தொடங்கிய தேடல் ஏடு ஏடாக, ஊர் ஊராகப் போய் 1887இல் சிந்தாமணி அச்சில் வருவதில் முடிகிறது. அதுவரை வந்துவிட்டீர்கள் என்றால், ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நாட்களைத் தெரிந்துகொள்ள நீங்களே முன்பக்கம் திரும்புவீர்கள்.

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பறவை என்றால் உயிர்.

மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. சின்னச் சின்னக் கட்டுரைகள். சில சொற்கள் அவளுக்குக் கடினமாக இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள்.

பாதியில் பிடிக்காமல் போனால் நிறுத்திவிடலாமா? குற்ற உணர்வாக இருக்கிறது.

தாராளமாக நிறுத்துங்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. பிடிக்காத நூல் உங்களுக்கானது இல்லை, அல்லது இப்போதைக்கு இல்லை. திருப்பிக் கொடுக்கும்போது எந்தப் பக்கத்தில் சலித்தது என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த புத்தகம் தேட எனக்கு அது உதவும்.

தாத்தா பினாங்கில் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தைச் சொல்லும் நாவல் உண்டா?

உண்டு. ப. சிங்காரம் எழுதியவை இரண்டே நாவல்கள், இரண்டுமே உங்களுக்கானவை. 'புயலிலே ஒரு தோணி' பெரியது: இரண்டாம் உலகப் போர், இந்தோனேசியாவின் மெடான், பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், நடுநடுவே ஊர் நினைவு. தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அதை முதலில் கொடுக்க மாட்டேன். பல வருடம் முன்பு ஆர்வக் கோளாறில் ஒரு கல்லூரிப் பெண்ணிடம் அதை நீட்டினேன். நான்கே நாளில் திருப்பிக் கொடுத்தாள், அப்புறம் நூலகத்துக்கே வரவில்லை. என்ன படித்திருக்கிறாய் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

நீங்கள் 'கடலுக்கு அப்பால்' நாவலில் தொடங்குங்கள். போர் முடிந்து திரும்பும் செல்லையா, வட்டிக்கடை முதலாளியின் மகள் மரகதம், நேரான கதை. கடைக்குள் கணக்கும் பேச்சும் எப்படி இருந்தன என்று அதிலேயே பார்த்துவிடலாம். மலாய்ச் சொற்கள் வந்தால் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தாத்தா சொல்லி யாருக்காவது ஞாபகம் இருக்கலாம். இரண்டு பிரதிகளும் உள்ளே நாவல் அடுக்கில் இருக்கின்றன. சனிக்கிழமை வந்தால் எடுத்து வைத்திருப்பேன்.